எறிகுண்டு என்னும் சொல்

சென்ற பருவத்தில் ஒரு நாள், மொழிபெயர்ப்பு வகுப்பில், 'கிரனேட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் யாதென வினவினோம். ஒரு மாணவர் 'குண்டு' என்றார். அடுத்தவர், "குண்டு துப்பாக்கியினின்றும் வருவதன்றோ? வெடிகுண்டு எனல் வேண்டும்" என்றார். மூன்றாமவர், "வானூர்தியினின்று வீழ்வதும் வெடிகுண்டே. இது கையால் எறிவதாகலின் எறிகுண்டு என்பதே பொருந்தும்" என்றார். சொற்போர் இவ்வாறு நிகழுங்கால், மறுநாள் மாலை மாணவர்க்கும் மாணவியர்க்கும் 'குண்டு எறிதல்' போட்டி நடைபெறும் என்று வெளியே அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததைக் கடைசி வரிசையில் இருந்தவர் ஒருவர் சுட்டிக் காட்டினார். வகுப்பு நகையில் முடிந்தது. நகை ஓய்ந்த பின்னும் வினா ஓய்ந்திலது. அதன்வழிச் சென்று யாம் கண்டவற்றை ஈண்டுக் கூறுவோம்.

'குண்டு' என்றவுடன் இக்காலத்தார் உள்ளத்தில் முதலில் தோன்றுவது படைக்கலமே. ஆயினும் அச்சொல் வெடிமருந்து இந்நாட்டிற்கு வருவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழில் வழங்கியது. சங்க நூல்களில் அகழிக்கும் சுனைக்கும் அடையாக நின்று 'ஆழம்' என்னும் பொருளைத் தருகின்றது. அப்பொருள் முற்றும் இறந்துபடவில்லை. 'குண்டும் குழியுமான சாலை' என்று நாள்தோறும் சொல்லுகின்றோம். அங்கே குண்டு என்பது பள்ளமேயன்றி உருண்டையன்று. (நம் ஊர்ச் சாலைகளில் மிதிவண்டியில் வரும் மாணவர்க்கு இதற்கு வேறு மேற்கோள் வேண்டா.) நம் கடற்கரையில் முத்துக் குளித்தோர் 5 முதல் 10 பாகம் வரை ஆழமுள்ள பார்களில் மூழ்கிச் சிப்பி எடுத்தனர். 1961ஆம் ஆண்டோடு அத்தொழில் இங்கு நின்றது. அவர்கள் இறங்கிய நீரைப் பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் கண்டிருப்பின், அதனைக் 'குண்டுநீர்' என்று கூறியிருத்தல் கூடும். அந்த அடைமொழியில் அச்சம் விளைப்பது ஆழம் ஒன்றே.

மற்றொரு பொருள் திரட்சி, உருண்டை என்பது. தலை உருண்ட ஊசி குண்டூசி. இதழ் செறிந்து திரண்ட மல்லிகை குண்டுமல்லி. உடல் பருத்த குழந்தையையும் குண்டு என்கின்றோம். மீனவர் தம் வீச்சுவலையின் ஓரத்தில் ஈயக்குண்டுகளைக் கோக்கின்றனர்; வலை விரிந்து வீழ்ந்து விரைவில் அடியைச் சேர்தற்கு அவையே துணை. பள்ளத்துக்கும் உருண்டைக்கும் ஒரே சொல் எவ்வாறு அமைந்தது என்று வினவுவார்க்கு, வளைவு இரண்டற்கும் பொது என்பதே எமது விடை. கிண்ணத்தின் அகம் பள்ளம், புறம் உருண்டை. இஃது எம் கருத்தேயன்றி முடிந்த முடிபன்று.

வெடிமருந்துப் படைக்கலங்கள் வந்தபோது கருவிகளின் பெயர்கள் பெரும்பாலும் பிறமொழியினின்றும் உடன் வந்தன. துப்பாக்கி துருக்கியர் மொழிச் சொல். தோட்டா இந்துஸ்தானிச் சொல். பீரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த 'பிராங்கு' என்னும் பெயர் பாரசீக நாவில் 'ஃபிரங்கி' எனத் திரிந்து, பின்னர் அவர்தம் படைக்கலத்துக்கு ஆகி வந்தது. அப்பெயரே 'பறங்கி' எனவும் தமிழில் நின்று, அவர் காலத்தில் வந்த ஒரு காய்க்குப் பறங்கிக்காய் என்னும் பெயரைத் தந்தது. ஆகவே நம் சமையலறைப் பறங்கிக்காயும் கோட்டை மதிலை இடித்த பீரங்கியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம். காய்க்கும் கொலைக்கருவிக்கும் உள்ள இவ்வுறவைப் படிப்போர் நினைவில் இருத்துக. பின்னர் இதற்கு வேலை உண்டு.

கருவிக்குப் பெயர் அயலாயினும், அதனுள் இட்டதற்கும் அதனின்று புறப்பட்டதற்கும் தமிழர் தம் சொற்களையே வைத்தனர். இட்டது 'மருந்து'; புறப்பட்டது 'குண்டு'. பண்டைப் பீரங்கிகள் எறிந்தவை கல்லாலும் இரும்பாலும் ஆன திண்ணிய உருண்டைகள். அவை மோதி இடித்தனவேயன்றித் தாமே வெடித்தனவல்ல. ஆதலின் குண்டு என்னும் பெயர் அவற்றுக்கு முற்றும் பொருந்திற்று. உள்ளே குடைந்து மருந்து நிரப்பித் திரியிட்ட உருண்டைகள் வந்தபோதுதான் பழைய பெயர் போதாதாயிற்று. அப்போது 'வெடி' என்னும் சொல் முன்னே வந்து சேர்ந்தது.

வெடித்தல் என்பதும் நெருப்பை அறியாத சொல்லே. கோடையில் கரிசல் நிலம் வெடிக்கும். காட்டில் பருத்தி வெடிக்கும். பனிக்காலத்தில் உதடு வெடிக்கும். கனிந்தால் வெள்ளரிப்பழம் வெடிக்கும். உள்ளிருப்பது பெருகியோ புறத்தோல் சுருங்கியோ பிளவுறுதலே அதன் பொருள். ஓசையும் தீயும் பின்னர் வந்து ஏறியவை.

இனி, 'வெடிகுண்டு' என்பது இலக்கணத்தில் யாதென்று காண்போம். அது வினைத்தொகை. வெடித்த குண்டு, வெடிக்கின்ற குண்டு, வெடிக்கும் குண்டு என மூன்று காலமும் அதனுள் மறைந்து நிற்கின்றன. ஆதலினாலேயே இடையில் வல்லெழுத்து மிகுவதில்லை. 'வெடிக்குண்டு' என எழுதுவது பிழை. எறிகுண்டும் அவ்வாறே எறிந்த, எறிகின்ற, எறியும் என விரியும். 'கைக்குண்டு' என்பதோ கையால் எறியப்படும் குண்டு என விரிந்து, உருபும் பொருளும் உடன் தொக்க தொகையாகலின், அங்கே ஒற்று மிகும். இவ்வேறுபாட்டைத் தேர்வுக்கு மட்டும் உரியதென்று மாணவர் கருதுவர். வினைத்தொகை இப்பொருளுக்குத் தக்க பெயராய் அமைந்தமை எமக்கு வியப்பைத் தருகின்றது. நிலத்தில் கிடக்கும் ஒன்றைக் கண்டு, அது வெடித்து முடிந்ததோ இனி வெடிப்பதோ என்று சொல்ல இயலாதன்றோ? சொல் எக்காலத்தை மறைத்து வைத்திருக்கின்றதோ, பொருளும் அக்காலத்தை மறைத்தே வைத்திருக்கின்றது.

நம் வகுப்பில் எழுந்த ஆங்கிலச் சொல்லுக்கு இப்போது திரும்புவோம். 'கிரனேட்' என்பதன் பொருள் மாதுளம்பழம். இலத்தீனில் 'கிரானும்' என்பது தானியமணி. மணிகள் நிறைந்த பழமாதலின் மாதுளையை 'போமும் கிரானாத்தும்' என்றனர். அது பிரெஞ்சு மொழியில் 'கிரனாத்' எனச் சுருங்கியது. 16ஆம் நூற்றாண்டில், கைக்கு அடங்கிய அளவில் மருந்துமணி நிரப்பிய உருண்டைக்கு அப்பழத்தின் பெயரை இட்டனர். தடித்த தோல், உள்ளே நெருங்கிய மணிகள், பிளந்தால் எப்புறமும் சிதறுதல் ஆகிய மூன்றும் ஒத்திருந்தன. பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயி 1667இல் அதனை எறிதற்கென்றே நெடிய உடலும் வலிய தோளும் உடைய வீரரைத் தம் படையில் தனியே வகுத்தார். அவர்க்குக் 'கிரனேடியர்' என்று பெயர். அப்பெயருடைய படைப்பிரிவு இந்தியத் தரைப்படையில் இன்றும் உளது. பெயரைக் கேட்போர் எவரும் அதனுள் ஒரு பழம் இருப்பதை நினையார்.

தூத்துக்குடியை முதலில் போர்த்துக்கேசியரும், 1658இல் அவரிடமிருந்து கவர்ந்த ஒல்லாந்தரும் ஆண்டனர். 1825இல் அஃது ஆங்கிலேயர் கையில் நிலையாய்ச் சேர்ந்தது. இவ்விரு மொழிகளிலும் இச்சொல்லின் நடை வேறு வேறு. போர்த்துக்கேய மொழியில் பழத்தின் பெயர் 'ரொமாங்'. 'கிரனாதா' என்பது பழத்தைக் குறியாது படைக்கலத்தைக் குறிப்பதாயிற்று. ஒல்லாந்தர் மொழியிலோ 'கிரனாட்' என்னும் ஒரு சொல்லே பழத்தையும் எறிகுண்டையும் குறிக்கும். அவ்வளவோடு நில்லாது, ஒரு செம்மணியையும் குறிக்கும். அம்மணியை ஆங்கிலர் 'கார்னெட்' என்பர். மாதுளை முத்தின் நிறம் உடைமையால் அப்பெயர் பெற்றது என்பர் சொல்லாராய்ச்சியாளர். நவமணிகளுள் ஒன்றாகிய கோமேதகம் அவ்வினத்ததே. தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரையுள்ள கரையில் அலை ஒதுக்கும் செந்நிற மணலும் அதுவே. 2013இல் அரசு அம்மணலை அள்ளுதலைத் தடை செய்தபோது செய்தித்தாள்களில் 'கார்னெட்' என்னும் பெயர் நாள்தோறும் அடிபட்டது. நம் காலடியில் உறுத்தும் மணலுக்கும் படைவீரன் கையிலுள்ள குண்டுக்கும் பெயர் பிறந்த இடம் ஒன்றென்பதை அப்போது எத்துணைப் பேர் அறிந்தனர்?

விவிலியம் பயில்வோர்க்கு இன்னும் ஒரு செய்தி. பிரதான ஆசாரியனுடைய அங்கியின் ஓரத்தில் பொன்மணியும் மாதளம்பழமுமாக மாறி மாறித் தொங்கவிடும்படி யாத்திராகமம் 28ஆம் அதிகாரம் கூறுகின்றது. உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் அது வாக்குத்தத்த நாட்டின் கனிகளுள் ஒன்று. அப்பழத்துக்கு எபிரெயப் பெயர் 'ரிம்மோன்'. இக்கால எபிரெய மொழியில் எறிகுண்டுக்கும் அதுவே பெயர். ஐரோப்பியர் வழக்கைக் கண்டு அவர்கள் அவ்வாறு ஆக்கிக்கொண்டனர். ஆலயத்தில் ஒலிக்கும் பொன்மணிக்கு அருகே தொங்கிய கனியின் பெயர் எங்கே வந்து நின்றது, காண்க.

பாரசீகத்தில் மாதுளைக்கு 'அனார்' என்பது பெயர். வட இந்தியாவில் தீபாவளி இரவில் மண்கலத்தினின்றும் பொறிகளை மேலே சொரியும் மத்தாப்பும் 'அனார்' எனப்படும். நாம் அதனைப் புஸ்வாணம் என்கின்றோம். வாணம் என்பது வடமொழியில் அம்பைக் குறிக்கும் 'பாணம்' என்பதன் திரிபு. வடவர் அதன் உருவத்தைக் கண்டு பழம் என்றனர். நாம் அதன் ஓசையையும் பாய்ச்சலையும் கேட்டுப் பெயரிட்டோம்.

ஆயின் தமிழர் காய்கனியின் பெயரை வெடிபொருளுக்கு இட்டதில்லையோ எனின், இட்டனர். நூல் கற்றோர் இட்டிலர், ஊரார் இட்டனர். நிலத்தில் ஓங்கி அறைந்தால் வெடிக்கும் சிறிய நாட்டு வெடி ஒன்று உண்டு. நூல் சுற்றிய அதன் உருவத்தைக் கண்டு அதனை 'வெங்காய வெடி' என்றனர். மேற்கு மாவட்டங்களின் காட்டோரங்களில் பன்றியைக் கொல்லுதற்குத் தீனியுள் மறைத்து வைக்கும் வெடிக்கு 'அவுட்டுக்காய்' என்று பெயர். அவுட்டு என்பது வாணவேடிக்கைச் சொல். அதனைக் கடித்து வாய் சிதைந்து உணவுகொள்ள இயலாது யானைகள் பட்டினியால் மடிந்த செய்திகளைப் படித்திருக்கின்றோம். யானைக்கு அது உண்மையிலேயே காய் என்றே தோன்றிற்று. முதல் உலகப்போரிலும் இரண்டாம் போரிலும் அமெரிக்கர் தம் எறிகுண்டை அன்னாசி என்றும், உருசியர் எலுமிச்சை என்றும், செருமானியர் முட்டை என்றும் அழைத்தனர். கையில் அடங்கும் கொலைப்பொருளுக்கு, கையில் அடங்கும் உணவுப்பொருளின் பெயரை இடுதல் பல நாட்டார்க்கும் இயல்பாய் இருக்கின்றது. அச்சத்தை அடக்குதற்கு அவர் கண்ட வழி அதுபோலும்!

பிற சொற்களை விரைந்து கூறிச் செல்வோம். 'பாம்' என்பது கிரேக்க 'போம்போஸ்' என்னும் ஒலிக்குறிப்பினின்றும் வந்தது; வண்டின் முரற்சிக்கும் இடியின் முழக்கத்துக்கும் அவர்க்கு அதுவே சொல். 'ஷெல்' என்பது முத்துக்குளித்துறையினர்க்கு உறவான சொல். ஆங்கிலத்தில் சிப்பியின் ஓட்டுக்கும், பீரங்கியினின்று வந்து வெடிக்கும் கூடுடைக் குண்டுக்கும் அஃதொன்றே பெயர். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு 'எம்டன்' என்னும் செருமானியக் கப்பல் சென்னை மீது வீசியவை அத்தகையன. தமிழர் அவற்றைக் குண்டு என்றே கூறினர். அக்குண்டுகளினும் அக்கப்பலின் பெயரே நம் மொழியில் நிலைத்தது. சூழ்ச்சி வல்லவனை இன்றும் 'எம்டன்' என்கின்றோம்.

இங்கு ஓர் ஐயம் எழும். துப்பாக்கி ரவையும் பீரங்கி உருண்டையும் வானூர்தி வெடியும் கையெறி வெடியும் எல்லாம் குண்டாயின், தமிழ் வறுமையுற்ற மொழியோ? அன்று. தமிழர் வேறுபாட்டைப் பெயரில் வையாது வினையில் வைத்தனர். 'குண்டு பாய்ந்தது' எனின் துப்பாக்கி. 'குண்டு விழுந்தது' எனின் வானினின்றோ பீரங்கியினின்றோ வந்தது. 'குண்டு வெடித்தது' எனின் வைத்ததோ எறிந்ததோ. 'குண்டடி பட்டான்' என்னும்போது எறிகுண்டு என எவரும் பொருள் கொள்ளார். வினை வந்து முடியும்வரை பொருள் காத்திருத்தல் தமிழ்த் தொடரின் இயல்பு.

ஆயின் வினை இல்லாத இடத்தில் இடர் நேரும். நிலத்தில் வாளா கிடக்கும் பொருளுக்கு வினை ஏது? வங்காளத்திலும் மலையாள நாட்டின் கண்ணூர்ப் பகுதியிலும், ஒளித்து வைத்த நாட்டுவெடிகளைப் பந்தென்று கருதி எடுத்த சிறுவர் கை இழந்ததும் உயிர் இழந்ததும் பல முறை நிகழ்ந்தன. 2004ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், உத்தரப் பிரதேசத்துச் சாகிபாபாத்தில் ஓர் உருக்காலையில், அயல்நாட்டினின்று வந்த பழைய இரும்போடு கலந்திருந்த பீரங்கிக் குண்டுகள் வெடித்துத் தொழிலாளர் 10 பேர் மாண்டனர். அதன்பின் துறைமுகங்களில் பழைய இரும்பைச் சோதித்து இறக்கும் விதிகள் கடுமையாயின. இரும்புக் குவியலை நாள்தோறும் தொடும் ஒருவன் 'குண்டு' என்றால், அவன் கருதுவது உருண்டையா, வெடியா? ஒரு துறைமுக நகரத்தில் இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று.

நம் கடலிலும் எறியும் வெடிக்கு ஒரு வரலாறு உண்டு. ஆல்பிரட் நோபெல் 1867இல் ஆக்கிய வெடிபொருளுக்கு 'டைனமைட்' என்று பெயரிட்டார். ஆற்றல் எனப் பொருள்படும் 'தூநாமிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். புதிய ஏற்பாட்டில் 'பெலன்' என நாம் படிக்கும் இடங்களில் மூலத்திலுள்ள சொல்லும் அதுவே. அதனை நீரில் எறிந்து மீன் கொல்லுதலை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடுத்தது. 2 மாதச் சிறையோ 200 ரூபாய்த் தண்டமோ விதித்தது. தண்டம் சிறிது, கேடு பெரிது. வெடியின் அதிர்ச்சியால் மீனின் உள்ளிருக்கும் காற்றுப்பை கிழிகின்றது. கிழிந்தவற்றுட் பல மிதவாது அடியில் ஆழ்கின்றன. எறிந்தவன் எடுப்பது கொன்றதிற் சிறு பகுதியே. குஞ்சும் சினையும் பவளப்பாரும் உடன் அழிகின்றன. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைந்தது அப்பவளப்பார்களின் பொருட்டே. கரையிலிருப்போர் கண்ணுக்கு, வீச்சுவலை எறியும் கையும் வெடி எறியும் கையும் ஒரே வீச்சுடையன. வலையின் ஈயக்குண்டு அடியைச் சேரும். மற்றது அடியையே பெயர்க்கும்.

பெயர்களைத் தெளிவாகப் பிரிக்கும் தேவை யாருக்கு மிகுதியாய் நேர்ந்ததோ, அவர்களே பிரித்தனர். மன்னார்க் கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழர் நெடும்போரின் நடுவே வாழ்ந்தனர். தொலைவினின்று வருவதற்கு 'எறிகணை', கையால் வீசுவதற்குக் 'கைக்குண்டு', மண்ணுள் மறைந்திருப்பதற்குக் 'கண்ணிவெடி' என்று அவர்தம் செய்தித்தாள்கள் மயக்கமின்றி எழுதின. கணை என்பது பழைய அம்பு. கண்ணி என்பது பறவை பிடிப்போன் சுருக்கு. பேச்சில் 'ஷெல்லடி' என்றனர். எச்சொல் எவ்வொலியைக் குறிக்கும் என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிந்திருந்தனர். எங்கே பதுங்குவது என்பது அதனைப் பொறுத்தது. பெருங்கல்லூரிகளில் கலைச்சொற்குழு கூடி ஆக்கும் சொற்களைக் காட்டிலும் இவை விரைவில் நிலைபெற்றதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. தமிழகத்தார் இவற்றை எடுத்தாளத் தயங்குதல் முறையன்று என்பது எம் கருத்து.

ஆகவே வகுப்பில் எழுந்த வினாவுக்கு யாம் தரும் விடை: மூன்றாம் மாணவர் கூறிய 'எறிகுண்டு' பிழையன்று. எனினும் 'குண்டு எறிதல்' என ஆடுகளத்தில் ஆடவர்க்கு வழங்கும் 7.26 கிலோ இரும்புருண்டையோடு மயங்காதிருத்தற்குக் 'கைக்குண்டு' என்றோ 'கையெறி குண்டு' என்றோ எழுதுதல் நன்று. ஆங்கிலர் அவ்விளையாட்டுக்கு இட்ட பெயரும் பீரங்கிக் குண்டின் பெயரே. ஆதலின் மயக்கத்துக்கு நாம் மட்டும் பொறுப்பல்லோம்.

முதல் மாணவர் வெறுங்குண்டு என்றதையும் யாம் முற்றும் தள்ளிவிடோம். 1939இல் உருசியர் பின்லாந்தின்மேல் படையெடுத்தபோது, பின்லாந்தர் எரிநெய் நிரப்பிய புட்டிகளைத் திரியிட்டு எறிந்து, பகை நாட்டு அமைச்சர் மோலோடோவ் என்பாரின் பெயரை அவற்றுக்கு ஏளனமாய் வைத்தனர். நம் செய்தித்தாள்கள் அதனைப் 'பெட்ரோல் குண்டு' என்கின்றன. அது புட்டி, உருண்டையன்று. அது எரிவது, பெரும்பாலும் வெடிப்பதன்று. ஆழம் என்று தொடங்கி, உருண்டை என்று திரண்டு, வெடி என்பதோடு சேர்ந்த அச்சொல், இப்போது வடிவத்தையும் வெடியையும் ஒருங்கே கைவிட்டு, எறிந்து கெடுப்பது எதுவாயினும் அதற்குரிய பெயராய் நிற்கின்றது.